பார்த்துப் படித்தவர் – ஓவியர் ராஜா ரவிவர்மா

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கம்பம்)



வருடா வருடம் நம் மலரில் தலைவர்கள், விஞ்ஞானிகள் வாழ்க்கை வரலாறு வரும். இந்தத் தடவை நான் ஒரு ஓவியரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் விடுதி அறையில் ஒரே சிரிப்பு. டிப்ளமோ படிக்கிறவனுக்கும் ஓவியத்துக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டார்கள். சம்பந்தம் இருக்கு. கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

எங்கள் வீட்டு நடுச்சுவரில் அப்பத்தா காலத்திலிருந்து ஒரு சரஸ்வதி படம் தொங்குது. கண்ணாடி ஓரமெல்லாம் புகை படிந்து, சட்டம் இத்துப்போய்க் கிடக்கு. வெள்ளைச் சேலை, மடியில் வீணை, ஒரு கையில் ஏட்டுச் சுவடி, இன்னொரு கையில் ஜெபமாலை, பக்கத்தில் மயில். உங்கள் வீட்டிலும் இதே சாயலில் ஒரு படம் இருக்கும். ஆயுத பூஜை அன்னைக்கு நம்ம ஒர்க்‌ஷாப்பில் லேத் மேல் சாத்தி மாலை போடுகிறோமே, அந்தப் படமும் இந்தச் சாயல்தான்.

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்புவார். ஆனாலும் ஆயுத பூஜைக்கு என் பாடப் புத்தகம், மினி டிராப்டர், செட் ஸ்கொயர் எல்லாவற்றையும் அந்தப் படத்துக்கு முன்னால் அவர்தான் அடுக்குவார். சந்தனம், குங்குமம் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று படத்தையே பார்ப்பார். ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. எழுத்தே தெரியாத வீட்டுச் சுவருக்கு இந்தச் சுவடி ஏந்திய படம் எப்படி வந்தது? யார் முதலில் இப்படி வரைந்தது?

நூலகத்தில் தேடியபோது கிடைத்த பெயர் ராஜா ரவிவர்மா.

கிளிமானூர் வீட்டுச் சுவர்

கம்பத்திலிருந்து குமுளி ஏறி, மலை இறங்கி, கோட்டயத்திலிருந்து திருவனந்தபுரம் போகிற ரோட்டில் போனால் கிளிமானூர் வரும். அங்கே 1848 ஏப்ரல் 29 அன்று பிறந்தவர் ரவிவர்மா. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு திருமண உறவு கொண்ட ஜமீன் போன்ற குடும்பம். தாயார் உமாயாம்பா தம்புராட்டி படித்தவர். பார்வதி சுயம்வரம் என்ற நூலை எழுதிய கவிஞர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சின்ன வயதில் வீட்டுச் சுவரெல்லாம் கரியால் கிறுக்குவாராம். நம்ம வீடாக இருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பார்கள். ஆனால் தாய்மாமன் ராஜராஜவர்மா தானே ஒரு ஓவியர். பையனின் கிறுக்கலில் விஷயம் இருக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாமன் ஓவியம் கற்றது யாரிடம் தெரியுமா? நம்ம மதுரைச் சீமையிலிருந்து திருவிதாங்கூர் அரசவைக்குப் போன அழகிரி நாயுடு என்ற ஓவியரிடம்! மலைக்கு அந்தப் பக்கம் வளர்ந்த கலையில் மலைக்கு இந்தப் பக்கத்துப் பங்கும் உண்டு என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

14 வயதில் மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் விட்டார். மகாராஜா தங்க இடம் கொடுத்தார், அரண்மனைப் படங்களைப் பார்க்க வாய்ப்பும் கொடுத்தார். எல்லாம் கிடைத்தது, ஒன்றே ஒன்றைத் தவிர. அது, சொல்லித்தர ஒரு ஆள்.

மூடிய கதவு

அப்போது எண்ணெய் வர்ண ஓவியம் நம் ஊருக்குப் புதுசு. வர்ணப் பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைத்துக் கித்தான் துணியில் தீட்டுவது. தண்ணீர் வர்ணம் உடனே காய்ந்துவிடும். எண்ணெய் வர்ணம் காய நாள் ஆகும். அதனால் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு மெல்ல இழைத்து வெளிச்சம், நிழல், சதையின் மென்மை, பட்டின் மினுமினுப்பு எல்லாம் கொண்டுவரலாம். ஆனால் எதை எதோடு கலப்பது, எந்த அடுக்குக்கு மேல் எதைப் பூசுவது என்பது கைப்பழக்கத்தில் வருகிற ரகசியம்.

திருவனந்தபுரத்தில் அந்த ரகசியம் தெரிந்த அரசவை ஓவியர் ஒருவர் இருந்தார். பெயர் ராமசாமி நாயக்கர். அவரும் மதுரைக்காரர்தான்! பையன் தனக்குப் போட்டியாக வந்துவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ, சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் வேலை பழகிய ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான் ராத்திரி நேரத்தில் குருவுக்குத் தெரியாமல் ரவிவர்மாவுக்கு வர்ணம் கலக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படம் வரைய வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை. தான் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மா பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தனியாக உட்கார்ந்து கெடுத்து, அழித்து, மறுபடி போட்டு, தானாகவே கற்றுக்கொண்டார்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காரணம் இருக்கு.

முதல் வருட லீவில் நான் ஒரு லேத் பட்டறையில் எடுபிடி வேலைக்குப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். அங்கே மேஸ்திரி டூல் பிட்டைச் சாணை பிடிக்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். மரை வெட்ட கியர் மாற்றும்போது என்னை டீ வாங்க அனுப்பிவிடுவார். படிச்ச புள்ளைக்கு நான் எதுக்குச் சொல்லணும் என்ற குத்தல் வேறு. அப்போது அங்கே வேலை பார்த்த ஒரு அண்ணன், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், பட்டறை சாத்தின பிறகு என்னை நிறுத்தி வைத்து, டூலின் கோணத்தை விரலால் தடவிக் காட்டினார். இன்றைக்கு நான் மரை வெட்டுறேன்னா அது அந்த அண்ணன் போட்ட பிச்சை. மேஸ்திரி மேல் கோபம் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவருக்கும் பயம்தான். கைத்தொழில் போனால் அவருக்கு வேறு சொத்து ஏது?

ரவிவர்மா வரலாற்றில் ஆறுமுகம் பிள்ளையின் பெயர் ஒரு வரிக்கு மேல் இல்லை. அந்த ஒரு வரியை நான் பல தடவை படித்தேன்.

கைவேலை கௌரவக் குறைவா?

அந்தக் காலத்தில் படம் எழுதிக் காசு வாங்குவது உயர்குடியினருக்கு இழுக்கு. அது கைவினைஞர் சாதிகளின் வேலை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அரச குடும்பத்தில் பெண் எடுத்த ரவிவர்மா அதைத்தான் தொழிலாக எடுத்தார். 1870இல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலில் விரதம் இருந்து திரும்பியவர், கோழிக்கோட்டில் கிருஷ்ண மேனன் என்ற நீதித்துறை அதிகாரியின் குடும்பத்தைக் கூலிக்கு வரைந்தார். அதுதான் அவருடைய முதல் தொழில்முறை ஓவியம் என்பார்கள்.

பிறகு ஏறுமுகம்தான். 1873 சென்னைக் கண்காட்சியில், தலைமுடிக்குப் பூச்சூடும் நாயர் பெண் படத்துக்குத் தங்கப் பதக்கம். அதே படத்துக்கு வியன்னா உலகக் கண்காட்சியிலும் பரிசு. பரோடா, மைசூர் அரண்மனைகளிலிருந்து அழைப்பு. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் அனுப்பி விருது பெற்றார். விவேகானந்தர் பேசிய அதே வருடம், அதே ஊர்! தம்பி சி. ராஜராஜவர்மாவும் கூடவே இருந்து இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்தார். பி.இ. படிக்கிறவன் உசத்தி, டிப்ளமோ என்றால் மட்டம் என்று கல்யாண வீட்டில் நம்மைப் பார்க்கிற பார்வை தெரியும்தானே? கையால் செய்கிற வேலையைக் கௌரவமாக்கியவர் என்ற ஒன்றுக்காகவே அவருக்கு நாம் ஒரு சல்யூட் அடிக்கலாம்.

படத்தைப் படிப்பது எப்படி?

இன்ஜினியரிங் டிராயிங்கில் நமக்கு முதலில் என்ன சொல்லித்தருகிறார்கள்? முன்தோற்றம் மட்டும் பார்த்தால் பொருள் புரியாது. மேல்தோற்றம், பக்கத்தோற்றம் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விளிம்பைப் புள்ளிக்கோடு மாதிரி விட்டுவிட்டுப் போடுகிற மறைகோட்டையும் படிக்க வேண்டும். ஓவியத்துக்கும் இதே விதிதான் என்று எனக்குப் படுகிறது. ரவிவர்மாவின் சில படங்களை அப்படிப் படித்துப் பார்க்கலாம்.

முதலில் 1876இல் அவர் வரைந்த சகுந்தலை. காட்டில் தரையில் சாய்ந்து படுத்தபடி துஷ்யந்தனுக்கு இலையில் கடிதம் எழுதுகிறாள். அப்போதைய சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு இதை வாங்கினார். மேலோட்டமாகப் பார்த்தால் காதல் படம். ஆனால் நம் நாட்டில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதே அபூர்வமாக இருந்த காலத்தில் ஒரு பெண் எழுதுவதை அவர் பெரிய கித்தானில் வரைந்திருக்கிறார். எழுதுகிற பெண் அவருக்கு அதிசயம் இல்லை. சொன்னேனே, பெற்ற தாயே நூல் எழுதியவர்.

அடுத்தது, கையெதிரே திறந்த புத்தகத்தோடு சாய்ந்திருக்கும் நாயர் பெண்ணின் படம். ஓய்வாக, யாருக்கும் பயப்படாமல் படிக்கிறாள். 1889இல் வெளிவந்த இந்துலேகா என்ற மலையாள நாவலில் வரும் படித்த கதாநாயகியோடு இந்தப் படத்தைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. இப்போது மறைகோட்டைப் பாருங்கள். அவளுக்குப் பின்னால் ஒரு பணிப்பெண் நிற்கிறாள். புத்தகம் ஒருத்தி கையெட்டும் தூரத்தில், ஏவல் வேலை இன்னொருத்தி கையில். படம் எதையும் கண்டிக்கவில்லை, உள்ளதை அப்படியே வைத்திருக்கிறது. ஆனால் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவரின் மகன் பார்க்கும்போது கண் முதலில் பின்னால் நிற்கிறவளிடம்தான் போகிறது. நான் என்ன செய்ய?

சிகாகோவுக்குப் போனவற்றில் ஒன்று, அப்பா வருகிறார் என்று பிள்ளைக்குத் தாய் கை நீட்டிக் காட்டும் படம். அதற்கு மாதிரியாக நின்றவர் அவருடைய மகள் மகாபிரபா. சாதாரணக் குடும்பக் காட்சிதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்து நாயர் மருமக்கள்தாய முறையில் பிள்ளைகள் தாய் வீட்டில்தான் வளர்வார்கள். சொத்தும் பொறுப்பும் தாய்மாமன் கையில். தகப்பன் வந்துபோகிற ஆள். இதை மாற்ற வேண்டுமா என்று பெரிய விவாதம் நடந்து, 1896இல் மலபார் திருமணச் சட்டமே வந்தது. அந்த விவாதம் நடக்கும்போது வரைந்த படம் இது. அப்பா படத்தில் இல்லை. வாசல் பக்கம் நீளும் ஒரு விரல் மட்டும் இருக்கிறது. அந்த வெறும் இடத்தில் ஒரு சமூகத்தின் சிக்கலே இருக்கு!

கீசகனிடம் போகப் பயந்து, முகத்தை மறைத்து அழும் சைரந்திரியையும் வரைந்திருக்கிறார். புராணக் கதைதான். ஆனால் முதலாளி வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதிகாரம் உள்ளவனால் வரும் தொல்லை என்று படித்தால் அது இன்றைக்கும் உள்ள கதை. கோயில் வாசலில் பிச்சையிடும் பெண், தெருவில் பாடிப் பிழைக்கும் நாடோடித் தாயும் பிள்ளைகளும் என்று வறுமையும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

கல்லில் அச்சான கடவுள்

இதெல்லாம் அரண்மனைச் சுவர்ப் படங்கள். கம்பத்து ஓட்டு வீட்டுக்கு எப்படி வந்தது? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது தோழர்களே!

ஒரு படத்தை ஒரு ராஜாதான் வாங்க முடியும். ஆயிரம் பிரதி எடுத்தால் ஆயிரம் வீட்டுக்குப் போகும். இந்த யோசனையைச் சொன்னவர்களில் ஒருவர் திவானாக இருந்த சர் டி. மாதவராவ். அதன்படி 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். எந்திரமும் தொழில்நுட்ப ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். பிறகு அச்சகம் லோனாவாலா பக்கத்தில் மளவலி என்ற இடத்துக்கு மாறியது.

அந்த அச்சுமுறைக்குக் கல்லச்சு என்று பெயர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் தத்துவம். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், வரைந்த இடம் தள்ளிவிடும். பிறகு எண்ணெய் மை உருளையை ஓட்டினால் மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒரு நிறம் நூலிழை விலகினாலும் சரஸ்வதிக்கு இரண்டு மூக்கு வந்துவிடும்! இப்படிப் பல கல் ஏறி இறங்கி, கடைசியில் எண்ணெய் ஓவியம் மாதிரியே பளபளப்பு ஏற்றிய படத்தைத்தான் ஓலியோகிராப் என்றார்கள்.

விளைவு என்ன? லட்சுமியும் சரஸ்வதியும் அரண்மனையை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் நம் மக்களில் பெரும்பகுதிக்குப் பெரிய கோயில் வாசலே மூடியிருந்தது. திருவிதாங்கூரில் ஆலய நுழைவு அறிவிப்பு வந்தது 1936இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939இல். அதற்கு 40 வருடத்துக்கும் மேலாக முன்னாலேயே, கோயிலுக்குள் போக முடியாதவரும் காசு கொடுத்துக் கடவுளை வீட்டுக்குக் கூட்டிவர ஒரு அச்செந்திரம் வழி செய்துவிட்டது. சாதி கேட்காமல் வந்த சாமி அது.

அந்த அச்சகத்துக்காக வேலை செய்து தொழில் பழகியவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. 1913இல் ராஜா ஹரிச்சந்திரா என்ற படத்தை எடுத்த இந்திய சினிமாவின் தந்தை! நம்ம பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜு இதே பாணியைத் தன் வழியில் வளர்த்தார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி காலண்டராக ஊர் ஊராகப் போயின. அப்பத்தா எந்தச் சந்தையில் வாங்கினாரோ தெரியாது, எங்கள் வீட்டுச் சரஸ்வதி இந்த வழித்தோன்றலில் வந்தவள்தான்.

ஆனால் தொழிலில் ரவிவர்மா ஜெயிக்கவில்லை. கடன் ஏறியது, பம்பாயில் பிளேக் நோய் வேறு. 1900க்குப் பின் சில வருடங்களில் அச்சகத்தை ஷ்லைகர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரிடம் விற்றுவிட்டார். 1905இல் தம்பி இறந்தார். நீரிழிவு நோயால் தளர்ந்த ரவிவர்மா 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் காலமானார். 1979இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளை நாட்டின் கலைச் செல்வம் என்று அறிவித்தது. அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை.

குறையும் சொல்ல வேண்டும்

புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் அது வரலாறு ஆகாது. அவர் பாணி ஐரோப்பியக் காப்பி என்று குறை சொன்ன கலை அறிஞர்கள் உண்டு. அது பெரியவர்கள் சண்டை. என் குறை வேறு. அவர் வரைந்த தேவிகள் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே செல்வச் செழிப்பு. எங்க அம்மா மாதிரி வெயிலில் கறுத்த முகம் அந்தச் சுவடியை ஏந்தி நிற்கும் படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அந்தச் செவத்த முகம்தான் அழகு என்று நாமும் நூறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. அவருக்கு மங்களாபாய் என்று ஒரு தங்கை. அவரும் ஓவியர். அண்ணனையே அழகாக வரைந்தவர். அண்ணனும் தம்பியும் இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். தங்கைக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. நம்ம வகுப்பில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்கே போன மாதம்தான் தெரியும். எழுதுகிற பெண்ணையும் படிக்கிற பெண்ணையும் வரைந்து புகழ் பெற்ற வீட்டில், வரையத் தெரிந்த பெண் வெளியே தெரியாமல் போனார். இதுவும் ஒரு மறைகோடுதான்.

நமக்கு என்ன?

இந்த வருட ஆயுத பூஜைக்கு அம்மா வழக்கம்போலப் புத்தகங்களை அடுக்கினார். நான் படத்தைக் காட்டி, இதை வரைந்தவருக்கு முதலில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கதையைச் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டார். கடைசியில் அவர் கேட்டது ரவிவர்மாவைப் பற்றி இல்லை. ராத்திரியில் சொல்லிக்கொடுத்தாரே, அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கு ராத்திரியே என் பழைய இரட்டை வரி நோட்டில் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இப்போது சனி, ஞாயிறு ஊருக்குப் போகும்போதெல்லாம் பாடம் நடக்குது. எழுத்து கோணலாகத்தான் வருது. அடுத்த தடவை பேங்க்கில் ரேகை வைக்க மாட்டேன் என்கிறார்.

தோழர்களே! நம் ஒர்க்‌ஷாப்பில் முதல் வருடப் பையன் மைக்ரோமீட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழிக்கும்போது நாம் சிரிக்கிறோம். வெல்டிங் பிடிக்கத் தெரியாமல் கண்ணைக் கசக்கினால் கிண்டல் பண்ணுகிறோம். தெரிந்ததை ஒளித்து வைக்கிற அந்த மேஸ்திரி கொஞ்சம் நமக்குள்ளும் இருக்கிறார். ரவிவர்மா ஆவது எல்லாராலும் முடியாது. ஆறுமுகம் பிள்ளை ஆவது எல்லாராலும் முடியும். இந்த மலரை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் முழித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஜூனியரைக் கூப்பிட்டு, தெரிந்த ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்.